தனி டம்ளர்

வீட்டுக்கு வீடு போய்ப் புற்றுநோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் டம்ளரைத் தேடும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தால், அந்த வீட்டின் வலி பாதி புரிந்துவிடும். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சினாலும் பரவாது. இதைச் சொல்லாமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

லண்டனில் 1967-ல் தீராத நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ், நோயாளி படுவதை ‘முழு வலி’ என்றார். உடம்பு, மனசு, உறவு, ஆன்மா என நான்கும் அதில் அடக்கம். பயிற்சியின்போது நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதிக்கொண்டேன். நான்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காட்டியவர் ஓர் அம்மா.

மார்பில் புற்று. புண் வெடித்திருந்தது. பின்கட்டில் கட்டில். மகன் மருந்து தவறாமல் வாங்கித் தருவார். ஆனால் வாசற்படியில் நின்றே பேசுவார். பேரனைக் கிட்டே விடுவதில்லை. நாலு மணி நேரத்துக்கொரு தரம் மார்ஃபின் கொடுத்தும் வலி அடங்கவில்லை என்றார்கள்.

“ராத்திரி எப்படிம்மா போகுது?” என்று கேட்டேன்.

“விட்டத்தப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன் சிஸ்டர். சாமி ரூம் பக்கம் போயி மூணு மாசமாச்சு. இந்த நாத்தத்தோட வெளக்க எப்படித் தொடுறது? சாமியும் என்னைக் கைவிட்டுருச்சு.”

முன்பெல்லாம் இந்த இடத்தில், “அப்படியெல்லாம் சொல்லாதீங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அன்று ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுது முடித்ததும் புண்ணைப் பிரித்தேன்.

நாற்றத்துக்குக் காரணம், காற்றுப் புகாத சதைக்குள் வளரும் கிருமிகள். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவினேன். துவைத்த பருத்தித் துணியைக் குக்கரில் அவித்து, உலர்த்தி, கட்டுக்குப் பயன்படுத்துவதை மருமகளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். கை கழுவிவிட்டு, “தாகமா இருக்கு, அம்மா டம்ளர்லயே தண்ணி குடும்மா” என்று வாங்கிக் குடித்தேன். மருமகள் பார்த்துக்கொண்டே நின்றார்.

வாரத்தில் 168 மணி நேரம். அதில் நான் இருப்பது ஒரு மணி நேரம். மிச்சத்துக்கு வீடும் தெருவும்தான். கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய தணிப்புச் சிகிச்சைப் பணியைத் தொடர்ந்து, கேரளத்தில் ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் திரண்டது இதைப் புரிந்துகொண்டதால்தான். அதனால் இப்போது எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்கிறேன். எது உங்களுக்குத் தெம்பு? யாரிடம் மனசு விட்டுப் பேசுவீர்கள்? சாமி இல்லை என்பவரிடமும் பதில் இருக்கும். ஒரு பெரியவர், தன் மாட்டைச் சன்னலோரம் கட்டச் சொன்னார். கட்டினோம். இரண்டாவது கேள்விக்குப் பலரிடம் ஒரு பெயரும் வருவதில்லை. அங்கே என் வேலை, மாத்திரை எண்ணுவதோடு முடிவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அந்த அம்மா வீட்டில் ஒரு வாரத்துக்குள் நாற்றம் வெகுவாக அடங்கியது. மூன்றாவது வாரம் போனபோது கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. சாமி ரூமில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரி திரித்தது அவராம்; தீக்குச்சி கிழித்தது பேரனாம். மார்ஃபின் அளவைக் கூட்டவில்லை.

“வலி எப்படிம்மா?”

“இருக்கு சிஸ்டர். ஆனா தூங்குறேன்.”