குளிர் தாங்குமா?

கண்டியில் வளர்ந்தவர்களுக்கு நாட்காட்டியைப் பார்த்து உடை தெரிவு செய்யும் பழக்கம் கிடையாது. காலையில் ஹந்தானை மலை தெளிவாகத் தெரிந்தால் பின்னேரம் மழை வரும் என்போம். தெரியாவிட்டாலும் வரும் என்போம். குடை எப்போதும் பையில் இருக்கும். தை மாத இரவுகளில் மட்டும் ஒரு போர்வை கூடுதலாகத் தேவைப்படும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள நம் நகரில், மிகக் குளிரான மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ்தான் வேறுபடுகிறது. நமக்குப் பருவம் என்றால் மழைதான்: தென்மேல் பருவப்பெயர்ச்சி, வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி, இடையில் ஒக்டோபரிலும் நவம்பரிலும் இடியோடு கொட்டும் பின்னேர மழை.

இப்படியொரு ஊரில் பிறந்த என் தாத்தாவுக்கு ஜப்பானின் கியோத்தோ நகரில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. ஒக்டோபரில் ஆரம்பம். செய்தி கேட்டு வந்த மாமி, பெரியும்மா, பக்கத்து வீட்டார் எல்லோரும் வாழ்த்துக்கு முன்னர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “குளிர் தாங்குமா?” வாப்பாவும் அதையே கேட்டார். கேட்டுவிட்டு, “யோசிப்பம்” என்று எழுந்து போனார். எங்கள் வீட்டில் “யோசிப்பம்” என்றால் பெரும்பாலும் “வேண்டாம்” என்று பொருள்.

தாத்தா வாதாடவில்லை. ஒரு அப்பியாசக் கொப்பியை எடுத்துப் பன்னிரண்டு கட்டங்கள் கீறினாள். எழுதும் வேலை எனக்கு.

கியோத்தோவும் கண்டியைப் போல மலைகளுக்கு நடுவே கிடக்கும் பழைய தலைநகரம்தான். கண்டி 1815 வரை தலைநகராக இருந்தது. கியோத்தோ 794 முதல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆனால் அங்கே மலைகள் காற்றை அடைத்து வைப்பதால் கோடை அவிக்கிறது, மாரி உறைய வைக்கிறது. ஜனவரியில் சராசரி 5 பாகை அளவு. இரவில் பூச்சியத்துக்கு அருகே இறங்கும். நிலத்திலிருந்து காலில் ஏறும் அந்தக் குளிருக்கு “சொகோபியே” என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செர்ரி பூக்கும். பகலில் இதமாக இருந்தாலும் இரவில் குளிரும். ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை “ட்சுயு” என்னும் மழைக்காலம். ஓகஸ்டில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் பல. செப்டெம்பரில் சூறாவளி பற்றிய கவனம் வேண்டும். நவம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் சிவக்கும்.

கட்டங்கள் நிரம்பிய பிறகு தாத்தா சொன்னாள்: “ஒக்டோபர்ல போய் இறங்கச்சுள்ள நம்மட தை மாசத்தவிடக் கொஞ்சம்தான் குளிர். ரெண்டு மாசத்துக்குப் பொறகுதான் சரியான குளிர். எல்லாத்தையும் இங்கருந்தே சுமக்கத் தேவயில்ல.”

30 கிலோவுக்குள் பொதி கட்ட வேண்டியவளுக்கு அது பெரிய விடுதலை. தடித்த ஒரு மேலங்கியைவிட மெல்லிய மூன்று உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிவது நல்லது. அவற்றுக்கிடையே தங்கும் காற்றுத்தான் உடலின் சூட்டைக் காக்கிறது. ரயிலிலும் வகுப்பிலும் சூடேற்றி வைத்திருப்பார்கள், அங்கே ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம். நீண்ட உடையும் பர்தாவும் அணியும் நமக்கு உள்ளே அடுக்கிக்கொள்வது சுலபம். கோடைக்குத்தான் மெல்லிய பருத்தி உடைகள் அதிகம் தேவை. ஆகவே குளிருக்கு ஒன்று எடுத்தால் வெயிலுக்கு இரண்டு என்று கணக்குப் போட்டோம்.

மேலங்கி வாங்க நுவரெலியா போனோம். நம் ஆடைத் தொழிற்சாலைகள் குளிர் நாடுகளுக்குத் தைப்பவற்றில் மிஞ்சுபவை அங்குள்ள பேல் பசாரில் மலிவாகக் கிடைக்கும். பேராதனையில் ஏறிய பஸ் 1,800 மீற்றருக்கு மேல் ஏறி நின்றபோது வாப்பாதான் முதலில் நடுங்கினார். தாத்தா மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் அரை மணித்தியாலம் நின்று காட்டினாள்.

உம்மும்மாவின் கவலை வேறு. “அந்தக் குளிருல வுழூ எப்பிடி எடுக்கிற?” தோல் காலுறையான குஃப் பட்டியலில் சேர்ந்தது. வுழூவோடு அணிந்துகொண்டால் ஊரில் இருப்பவர் ஒரு பகலும் ஓர் இரவும் கால் கழுவாமல் அதன்மேல் மஸ்ஹு செய்யலாம். தொழுகை நேரங்களையும் கொப்பியில் எழுதினோம். டிசம்பரில் அங்கே ஏறத்தாழ 4.45க்கே மஃரிப். ஜூனில் அதே 4.45 அளவில் அதிகாலைச் சூரியன் உதித்துவிடும். கண்டியில் ஆண்டு முழுதும் பகலின் நீளம் ஒரு மணித்தியாலம்கூட மாறுவதில்லை.

உம்மா தயாராக வைத்திருந்த உப்புக்கண்டம் வெளியே வந்தது. உரிய அரச சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் இறைச்சிப் பொருட்களைக் கொண்டுபோக முடியாது. சோறு சமைக்கும் மின்பானையும் வெளியே வந்தது. அங்கே மின்சாரம் 100 வோல்ற், நம்முடையது 230. மாசி மட்டும் உள்ளே போனது. ஜப்பானியரும் அதே இன மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்து, “கட்சுவோபுஷி” என்று சீவிச் சமைக்கிறார்கள் என்று கேட்டதும் உம்மாவின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு. “அப்ப அவங்களும் நம்மளப் போலதான்” என்றார்.

அன்றிரவு வாப்பா கொப்பியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தார். குளிரைப் பற்றிக் கேட்க அவருக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு மெதுவாகக் கேட்டார்: “தனிய இரிக்கப் பயமில்லயா மகள்?”

இத்தனை நாளும் எல்லோரும் கேட்க நினைத்தது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“பயம் இரிக்கி வாப்பா. போகாம வுட்டா அதவிடக் கவலயா இரிக்கும்” என்றாள் தாத்தா.

வாப்பா கொப்பியை மூடி அவளிடம் கொடுத்து, “குடை எழுதல்லயே, அதயும் எழுது” என்றார்.

நம் கல்லூரியிலிருந்தும் நாளை யாராவது ஒருத்திக்குத் தூரதேசத்திலிருந்து இப்படியொரு கடிதம் வரலாம். அப்போது வீட்டில் “குளிர் தாங்குமா?” என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள் தோழியரே. பன்னிரண்டு கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விடை எழுதுங்கள். அந்தக் கேள்விகள் தீரும்போதுதான் உண்மையான கேள்வி வெளியே வரும். அதற்கு மட்டும் கொப்பியைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது.