தேவதாஸின் மதுரை

மதுரைக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் மீனாட்சியம்மனைத் தரிசித்து, திருமலை நாயக்கர் மகாலை விரைந்து சுற்றிவிட்டு, மீதிப் பொழுதைச் சேலைக்கடைகளிற் கழித்து மீள்வர். நானும் அவ்வண்ணமே ஒருமுறை மீண்டேன். மறுமுறை சென்றது மனோகர் தேவதாஸின் கோட்டோவியங்களைப் பயின்ற பின்னர்.

1936இல் அந்நகரிற் பிறந்த தேவதாஸ், அதனைப் பேனாவாலும் மையாலும் இழை இழையாக வரைந்தவர். விழித்திரையை மெல்ல அழிக்கும் நோய் அவரைப் பற்றியிருந்தது. இந்நோயில் விளிம்புப் பார்வை முதலில் மங்கும். பின்னர் குழாயினூடே நோக்குவதுபோற் காட்சி குறுகும். ஒரு கோபுரத்தை முழுமையாகக் காண்பதே அரிதாகும் நிலை அது. ஆயினும் 2007இல் வெளியான அவரது மதுரை நூலிற் கோபுரங்கள் குறைவின்றி நிற்கின்றன. நினைவும் கையும் எவ்வளவைச் சுமந்தன என எண்ணுங்கால் வியப்பன்று, ஒருவகை அச்சமே எனக்கு உண்டாயிற்று. அவர் 2022இல் மறைந்தார்.

யானைமலையை அவர் வழியாகவே கண்டேன். முன்னர் அதன் அடிவாரத்தாற் பேருந்து சென்றபோது நான் உறங்கியிருக்கக் கூடும்! படுத்த யானையின் முதுகும் துதிக்கையும் இப்போது ஒரே பாறையில் தெளிவாய்த் தெரிந்தன.

1559இல் எழுந்த தெற்குக் கோபுரத்தின் முன், கீழ்நிலைச் சுதையுருவம் ஒன்றின் மடிந்த முழங்காலை மட்டும் நெடுநேரம் நோக்கி நின்றேன். உடன்வந்தோர் செருப்புகளுடன் வீதியிற் காத்திருந்தனர்.