குக்கீ என்பது பிஸ்கட் அல்ல!

டீக்கடை ஜாடியில் இருக்கும் பிஸ்கட்டைத் தவிர வேறு குக்கீ எதற்கு என்று இருந்த பி.காம். ஆசாமி நான். கொருக்குப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு இளைஞர்தான் என்னைப் படிக்க வைத்தார்.

"ஸார், என் வேலைக்கே உலை வைக்கப் பார்க்குது!" என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரகசியமாக வேறு வேலை தேடியிருக்கிறார். மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால் ஓரத்தில் 'வேலைக்கு ஆள் தேவை' விளம்பரம். பின்னால் நின்ற மானேஜர், "என்னப்பா, கிளம்பற உத்தேசமா?" என்றாராம்.

சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் தருவார்களே, அதுதான் ஸார் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப் கம்பெனியின் லூ மோண்டுல்லி உருவாக்கியது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் "நீ யாருப்பா?" என்று வெப்சைட் கேட்கும்.

தொல்லை, நடுவில் புகும் விளம்பரக்காரர் மாட்டும் சீட்டு. கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டுவார். தண்டையார்பேட்டையிலும் ராயபுரத்திலும் அவரே நின்று, "அட, நீயா!" என்பார். இதற்குப் பெயர் தேர்ட் பார்ட்டி குக்கீ. ஆப்பிளின் சஃபாரி 2020-லிருந்து இதைத் தானாகவே தடுக்கிறது. குரோமில் நாம்தான் செட்டிங்ஸில் 'பிரைவசி' பகுதிக்குப் போய்த் தடுக்க வேண்டும்.

எல்லாக் குக்கீயையும் அழித்தால்? டோக்கன் தொலைந்த கதைதான். எல்லா இடத்திலும் மறுபடி பாஸ்வேர்டு போடணும். பொதுக் கம்ப்யூட்டரில் அழிப்பதே புத்திசாலித்தனம்.

எதிர்வீட்டுக்காரருக்கு இன்னொன்றும் சொன்னேன்: "தம்பி, குக்கீயை அழிச்சாலும் ஆபீஸ் நெட்வொர்க்குல நீ போன இடம் தெரியலாம். வேலை தேடறதை சொந்த போன்ல, சொந்த டேட்டாவுல வெச்சுக்கோ!"