மணலும் எழுத்தும்

படிக்கத் தடுமாறும் பிள்ளைகளை 'மக்கு' என்று ஒதுக்கிவிடுகிறோம். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிலருக்கு உள்ள இடர் அறிவுக் குறைவன்று. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்த இடரை ஏற்றுள்ளது. இத்தகையோர்க்காகக் கண், செவி, கை மூன்றையும் ஒருங்கே பழக்கும் முறையை, 1930-களில் அமெரிக்க மருத்துவர் ஆர்ட்டனும் கில்லிங்காம் அம்மையாரும் வகுத்தனர்.

மணலில் விரலால் எழுதி, வாய்விட்டு ஒலித்துப் பயில்வது நம் திண்ணைப் பள்ளி வழக்கமன்றோ! அதனைச் சென்னையில் கையாண்ட ஆண்ட்ரு பெல், 1797-இல் இலண்டனில் நூலாகவே வெளியிட்டார். ஆனால், திண்ணையில் எல்லோரும் சேர்ந்து முழங்கினர். பின்தங்கியவன் குரல் அதில் மறைந்தது. புதிய முறையோ அந்த ஒருவனுக்காக நின்று, ஒவ்வோர் ஒலியாகக் கற்பிக்கிறது.

படிக்க வந்த நான் தங்கியிருக்கும் கரமனைத் தெருவில், நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் 'கொக்கு' என்று படிக்க வரவில்லை. பள்ளியை நிறுத்திவிடலாமா என்று அவன் தந்தையார் கேட்டார். 'கொ'வில் செவி முதலில் கேட்பது 'க்'. கண் முதலில் காண்பது கொம்பு. பள்ளியில் அவன் பயிலும் மலையாளத்திலும் இதே சிக்கல்தான். தாம்பாளத்தில் மணல் பரப்பி, 'க், ஒ, கொ' என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தேன். மூன்று மாதத்தில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்; இன்னும் மெதுவாகத்தான். பள்ளிக்கும் போகிறான்.

மன்றத்து நண்பர்களே, வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதும் ஒரு பிடி மணலும் நம்மிடம் இல்லையா?