மயிலிறகு குட்டி போடுமா, குஞ்சு பொரிக்குமா?

நோட்டுப் புத்தகத்துக்குள் மயிலிறகை வைத்து, பென்சில் சீவிய தூளை அதற்கு இரையாகப் போட்டு, தினமும் திறந்து பார்த்த அனுபவம் தமிழ்நாட்டில் படித்த பலருக்கும் இருக்கும். எதற்காக? அது 'குட்டி போடும்' என்றுதான். மயில் ஒரு பறவை. பறவை குஞ்சு பொரிக்கும். ஆனாலும் மயிலிறகு குஞ்சு பொரிக்கும் என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. இலக்கணப்படி தவறு. பிள்ளைகளின் வழக்குப்படி ரொம்பச் சரி!

சிறு குழந்தைகளுக்கான ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச இது நல்ல தொடக்கம். தாய் விலங்கின் படம் ஓர் அட்டையில், அதன் குட்டியின் படம் இன்னோர் அட்டையில். இரண்டையும் ஜோடி சேர்க்க வேண்டும். சிலர் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நினைவுத்திறன் விளையாட்டாக ஆடுவார்கள். பயிற்சிப் புத்தகத்தில் இதுவே 'பொருத்துக' என்று கோடு போடும் கணக்காகிவிடும். இப்போது செல்பேசியிலும் வந்துவிட்டது. சரியாகச் சேர்த்தால் கைதட்டல், தப்பாகச் சேர்த்தால் 'ட்ர்ர்' என்று ஒரு சத்தம்.

இந்த 'ட்ர்ர்' சத்தம்தான் இங்கே பிரச்சினை.

நாலு வயதுக் குழந்தை ஒன்று யானைப் படத்தையும் சின்ன யானைப் படத்தையும் சரியாகச் சேர்த்து வைக்கிறது. "இது என்ன?" என்று கேட்டால் "யானைக்குட்டி" என்கிறது. பாடப்புத்தகப் பட்டியலில் இருப்பதோ யானைக்கன்று. உடனே பெரியவர்கள், "குட்டி இல்லடா கண்ணு, கன்று" என்று திருத்துகிறார்கள். குழந்தை குழம்பிப்போகிறது. ஏனென்றால் அதன் அம்மா, அப்பா, பாட்டி எல்லோரும் சொல்வது யானைக்குட்டி. தெருவில் சாமான் ஏற்றிப் போகும் சின்ன லாரிக்குக்கூட ஊரே வைத்த பெயர் 'குட்டி யானை'. அப்படியானால் தப்பு யாருடையது?

பதில் தேட ரொம்பப் பழைய ஓர் இடத்துக்குப் போக வேண்டும். தொல்காப்பியத்தின் கடைசி இயலான மரபியல் தொடங்குவதே இளமைப் பெயர்களில்தான். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்கள். எந்த உயிருக்கு எது பொருந்தும் என்றும் வரிசையாகச் சொல்கிறது. ஒரு வகையில் தமிழின் முதல் 'பொருத்துக' இதுதான் என்று சொல்லலாம்.

ஆனால் அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அது ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தவே இல்லை! புலியின் இளமைக்குக் குருளை, குட்டி, பறழ், பிள்ளை என்று நான்கு பெயர்கள். குதிரைக்கு மறி, கன்று இரண்டும் வரும். யானைக்குக் கன்று மட்டுமல்ல, குழவி என்ற பெயரும் உண்டு. நாய்க்கு மட்டும் பிள்ளை என்ற பெயர் கிடையாதாம். வீட்டு நாயை 'எங்க கடைசிப் பிள்ளை' என்று கொஞ்சுகிறவர்கள் இதைப் படித்தால் தொல்காப்பியரோடு சண்டைக்குப் போவார்கள் :)

இன்னொன்றையும் கவனியுங்கள். கழுதையின் இளமைக்குத் தொல்காப்பியம் சொல்வது கன்று. இன்றைய மரபுச்சொல் பட்டியல்களில் இருப்பது கழுதைக்குட்டி. ஆக, மரபுப் பட்டியலே நடுவில் மாறியிருக்கிறது. மக்கள் பேசியது மாறியது, பட்டியலும் பின்னாலேயே மாறியது. கழுதைக்கு நடந்தது யானைக்கு நடக்கக் கூடாதா என்ன?

இதனால் இளமைப் பெயர்களே தேவையில்லை, எல்லாவற்றையும் 'குட்டி' என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்று அர்த்தமில்லை. அந்தச் சொற்களுக்குள் நிறைய அறிவு ஒளிந்திருக்கிறது. பொதுவாக முட்டையிலிருந்து வருவது குஞ்சு, தாய் ஈன்று பாலூட்டுவது குட்டி அல்லது கன்று. கோழி குஞ்சு பொரிக்கும், ஆடு குட்டி போடும், மாடு கன்று ஈனும். பெயரோடு வினைச்சொல்லும் சேர்ந்தே மாறுகிறது பாருங்கள்! விதிவிலக்குகள் இன்னும் சுவாரஸ்யம். எலி முட்டையிடுவதில்லை, ஆனால் எலிக்குஞ்சு என்கிறோம். முதலை முட்டையிடுகிறது, ஆனால் முதலைக்குட்டி என்கிறோம். கடல் ஆமைக்கோ ஆமைக்குஞ்சு. "ஏன் இப்படி?" என்று ஒரு குழந்தை கேட்டால், அன்றைக்கு அந்த விளையாட்டு வெற்றி.

கீரிப்பிள்ளை இன்னொரு சிக்கல். பட்டியலில் கீரியின் இளமைப் பெயர் அது. பேச்சில் நன்றாக வளர்ந்த கீரியும் கீரிப்பிள்ளைதான். கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை கதையும் அதேதான். அட்டையில் ஒரு பக்கம் கீரி, மறுபக்கம் கீரிப்பிள்ளை என்று போட்டால் குழந்தை இரண்டையும் ஒன்றாகத்தானே நினைக்கும்? அதேபோல் செடி கொடிகளும் இந்தச் சொற்களில் பங்கு கேட்கும். வாழைக்கன்று, மாங்கன்று, தென்னம்பிள்ளை... பசுவுக்கும் வாழைக்கும் ஒரே இளமைப் பெயர் என்பது எந்தக் குழந்தைக்கும் பிடிக்கும். ஆனால் கடையில் விற்கும் அட்டைகளில் செடி இருப்பது அபூர்வம்.

உளவியலிலும் இதற்குத் தொடர்புள்ள ஒரு செய்தி இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்கும் என்று சிறு குழந்தைகள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை எல்லன் மார்க்மன் என்ற ஆய்வாளர் 1980களில் விளக்கினார். புதுச் சொற்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள இது உதவுகிறது. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டாவது பெயர் வரும்போது இதுவே தடையாகவும் ஆகலாம். வீட்டில் நாய்க்குட்டி, எல்கேஜி வகுப்பில் 'பப்பி', பட்டியலில் குருளை என்று மூன்று பெயர்கள் வரிசையில் நிற்கும்போது, 'உன்னுடையது தப்பு' என்று சொன்னால் குழந்தை எதை விடும்? பெரும்பாலும் வீட்டுச் சொல்லைத்தான் விடும். ஏனென்றால் அதற்குத்தான் மதிப்பெண் கிடையாது. இங்கே போவது ஒரு வார்த்தை மட்டுமல்ல. பாட்டி சொன்னது சரியில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் எப்படி விளையாடுவது? ரொம்பச் சுலபம், செலவும் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒரே அளவாக வெட்டினால் அட்டை தயார். மூன்று வயதென்றால் நாலு ஜோடி போதும், கவிழ்க்கவும் வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஆறு ஜோடியைக் கவிழ்த்து வைக்கலாம். முதல் அட்டையைத் திருப்பியபின் மிச்சம் பதினொன்று, அதில் ஜோடி ஒன்றே ஒன்று. அதனால் முதல் முறையே கிடைக்காவிட்டால் அழ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்!

தாயைப் போலவே இல்லாத குட்டிகளையும் சேர்த்தால் விளையாட்டு களைகட்டும். தவளையும் தலைப்பிரட்டையும் ஒரு ஜோடி. வண்ணத்துப்பூச்சியும் புழுவும் இன்னொரு ஜோடி. காட்டுப்பன்றிக் குட்டிக்கு உடம்பில் வரி இருக்கும், வளர்ந்த பன்றிக்கு இருக்காது. குயில் குஞ்சைக் காக்கைக் கூட்டில்தான் தேட வேண்டும். 'சின்னதாக வரைந்தால் குட்டி' என்ற நினைப்பு இங்கே உடைந்துபோகும்.

கடைசியாக ஒரு விதி. பெயர் சொல்லும்போது ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புளியங்கொட்டை பரிசு. யானைக்குட்டி என்றால் ஒன்று, யானைக்கன்று என்றால் இன்னொன்று. 'எங்க ஊர்ல இப்படிச் சொல்வாங்க' என்று புதிதாக ஒரு சொல் கொண்டுவந்தால் இரண்டு. திருத்தம் என்ற பேச்சே வேண்டாம். பட்டியல் சொல்லும் வந்துவிடும், வீட்டுச் சொல்லும் போகாது.

உங்கள் ஊரில் பன்றிக் குட்டிக்கு, பனங்கன்றுக்கு என்ன பெயர்? வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டு வையுங்கள். அந்த அட்டைகள் எந்தக் கடையிலும் கிடைக்காது.