ஓய்வு தேடி வந்த கூட்டம்

கூட்டம் என்ற சொல் எங்கள் தலைமுறைக்கு இனிய சொல்லாக இருந்ததில்லை. திருகோணமலையிற் போர்க்காலத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். சுற்றிவளைப்பின்போது மைதானத்திற் குவிக்கப்பட்ட கூட்டம், சோதனைச்சாவடியில் அடையாள அட்டையுடன் காத்துநின்ற கூட்டம், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபின் பாடசாலை மண்டபங்களில் ஒண்டிக்கிடந்த கூட்டம் ஆகியவையே நாங்கள் கண்டவை. மகிழ்வதற்கென்று மனிதர் திரண்டு வருவதை 2009ஆம் ஆண்டு போர் ஓய்ந்த பின்னரே நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

ஆகவேதான், விடுமுறை நாட்களில் இந்நகரை நிறைக்கும் சனத்திரளைப்பற்றி எழும் முணுமுணுப்பைக் கேட்டும் கேளாதவள்போல் இருக்க என்னால் முடிவதில்லை.

பாடசாலை விடுமுறையில் வந்த ஒரு போயா நாளன்று, அம்மாவையும் பிள்ளைகளையும், கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பியையும் அழைத்துக்கொண்டு கன்னியா வெந்நீரூற்றுக்குச் சென்றிருந்தேன். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தைக் குத்தியபோது தோன்றியவை என ஐதீகம் கூறும் ஏழு கிணறுகள் அங்கே உள்ளன. சிறிய கிணறுகள், இறங்கி நீராட இயலாது, வாளியால் அள்ளி வார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் சூடு மற்றொன்றில் இராது. கூட்டம் இருக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் அன்றிருந்த கூட்டத்தை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. வீதியின் இருமருங்கும் பஸ்கள் நின்றன. கிணற்றடியில் கால்வைக்க இடமில்லை.

“அக்கா, இந்தச் சனத்துக்குள்ள எப்பிடிக் குளிக்கிறது? திரும்பிப் போவம்” என்றான் தம்பி.

“வந்ததுகளும் எங்களைப்போல ஆசைப்பட்டு வந்ததுகள்தானே. கொஞ்சம் பொறு” என்றார் அம்மா.

பொறுத்தோம். அம்மாவை மரநிழலில் இருத்தி, பிள்ளைகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டோம். சற்று நேரத்தில், குழம்பிக் கிடந்ததாகத் தோன்றிய கூட்டத்திற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது புலனாயிற்று. தென்னிலங்கையிலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஒரு கிணற்றின் அருகே நின்று, ஆளுக்கு மூன்று வாளி என்று விரல்களைக் காட்டிக் கணக்கு வைத்திருந்தார். எவரும் அவரை நியமிக்கவில்லை. எவரும் அவரை மீறவுமில்லை. அம்மாவைக் கண்டதும், “அம்மே” என்று அழைத்து முன்னே வரச்செய்து வாளியைக் கையிற் கொடுத்தார்.

அருகில் நின்ற பெண்கள் ஆடைத் தொழிற்சாலையொன்றிற் பணிபுரிபவர்கள். இரவெல்லாம் பஸ்ஸிற் பயணம் செய்து விடியலில் வந்தவர்கள். மறுநாட் காலை இயந்திரத்தின் முன் அமர்ந்தாக வேண்டியவர்கள். ஆண்டு முழுவதும் உழைத்தவர்க்கு வாய்த்தது ஒரு நாள். அந்த ஒரு நாளும் நாட்டிலுள்ள எல்லோர்க்கும் ஒரே நாள். அன்றாடக் கூலிக்கு உழைப்பவனுக்கோ அதுவும் கூலியற்ற நாள். கூட்டத்தின் மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது.

ஓய்வுநாள் இயற்கையாய் அமைவதன்று; மனிதர் வகுப்பது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாயிருந்தன. பிரான்சிலே 1936ஆம் ஆண்டு, பெரும் வேலைநிறுத்தங்களின் பின், தொழிலாளர் சம்பளத்துடன் இருவார விடுமுறை பெற்றனர். அவர்கள் முதன்முறையாகக் கடற்கரைகளுக்கு வந்தபோது, அக்கரைகளைத் தமக்கே உரியனவாய் எண்ணியிருந்த செல்வர் முகஞ்சுளித்தனர். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், தன் 24ஆம் உறுப்புரையில், ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும் உரிமையென்றே கூறுகிறது. அவ்வுரிமையைத் தேடி வருபவரைப் பார்த்து ‘இத்தனை கூட்டமா’ என்று அலுத்துக்கொள்வது, ‘இத்தனை பேருக்கு ஓய்வு எதற்கு’ என்று கேட்பதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

இடத்தின் கணக்கும் ஒன்றுண்டு. உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்களுடையது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது; ஆயினும் துறைமுகக் கரையின் பெரும்பகுதியிற் சாதாரண மனிதன் இன்றும் காலாற நடக்க முடியாது. கோணேசர் கோயிலுக்குச் செல்பவரும் படையினர் தங்கியுள்ள பிரட்றிக் கோட்டையினூடாகவே செல்கின்றனர். அகன்ற கரையில் வேலியிட்டு, எஞ்சிய சில இடங்களுக்கு மக்களை அனுப்பிவிட்டு, அவர்கள் நெருக்குகிறார்கள் என்று குறைகூறுவது எவ்வகை நியாயம்?

கூட்டத்தால் தீங்கேயில்லை என்பது என் கருத்தன்று. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவில் முருகைக்கற்களின் மேற் கால் பதித்தால் அவை சிதைகின்றன. அங்கே எண்ணிக்கைக்கு எல்லை வேண்டும். ஆனால் அந்த எல்லையை முறைவரிசை வகுக்கட்டும்; பணப்பை வகுக்கக்கூடாது. கன்னியாவுக்கும் தனிச் சிக்கலுண்டு. அம்மண்ணின் உரிமைபற்றிய பிணக்கு 2019இல் நீதிமன்றம்வரை சென்றது. ஒரு வாளி இருவர் கைமாறியதால் அவ்வழக்குத் தீர்ந்துவிடாது. ஆயினும், உரிமைக்காக வாதிடுவோர் தீராப் பகைவரல்லர் என்பதற்கு அக்கிணற்றடி சாட்சி.

நிழலும், குடிநீரும், பெண்கள் உடைமாற்ற மறைவிடமும், கழிவறையும் வேண்டும். வேலியிட்ட கரைகள் சிறிது சிறிதாகத் திறக்கப்பட வேண்டும். உழைப்பவர் தமக்கு வசதியான நாளிற் சம்பளத்துடன் ஓய்வு கொள்ள வழி பிறக்க வேண்டும். அப்போது கூட்டம் தானே பரந்து தணியும். அதுவரை, நமக்கு முன்னே நிற்பவன் நம் விடுமுறையைக் கெடுக்க வந்தவனல்லன். நம்மைப்போலவே தன் பங்கைப் பெற வரிசையில் நிற்பவன் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.