படிப்பு இலவசம்

போன தை மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சம்பா அறுவடை முடிந்து களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவன். படிப்பு முடிந்து இரண்டு வருஷமாகச் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் மெழுகு பிடிக்கிறான். மாட்டுப் பொங்கலன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன், "ஜெர்மனிக்குப் போய்ச் சிற்பம் படிக்கலாம்னு இருக்கேன் மாமா" என்றான். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"ஏண்டா, சோழராஜா காலத்திலேருந்து இங்க செய்யறது சிற்பம் இல்லாம கொழுக்கட்டையா?"

"படிப்பு இலவசம்மா."

அந்த ஒரு வார்த்தையில் அக்கா பாதி சமாதானம் ஆகிவிட்டாள். மீதிப் பாதி என் தலையில் விழுந்தது. கதை எழுதுகிறவனுக்கு லோகத்தில் எல்லாம் தெரியும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கெடுத்துக்கொள்ளாமல் காலம் தள்ளி வருகிறேன்.

பையன் பொய் சொல்லவில்லை. ஜெர்மனியில் அரசாங்கக் கலைப் பள்ளிகளில் வெளிதேசத்துப் பிள்ளைகளுக்குக்கூடப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பாடன்-வியூர்ட்டம்பர்க் என்ற மாநிலம் 2017 முதல் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் அரை வருஷத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அது விலக்கு. ஆனால் படிப்புத்தான் இலவசம். இருப்பு இலவசம் இல்லை. ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உள்ள பணத்தை விசாவுக்கு முன்பே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிக் காட்டவேண்டும். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பதினோரு, பன்னிரண்டு லட்சம். பணம் நம்முடையதுதான், அங்கே போனபின் மாசம் 992 யூரோ வீதம் நமக்கே அளந்து கொடுப்பார்கள்.

அக்காவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு! கடைசியில், "பத்தாயம் மாதிரி அக்கா. நெல்லைக் கொட்டிப் பூட்டிட்டு, மாசா மாசம் அடியில திறந்து அளந்துக்கிற மாதிரி" என்றேன்.

"சாவி யார்கிட்ட?"

"அவுங்ககிட்ட."

"அப்ப பத்தாயம் யாருது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பணத்தைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. அந்தப் பள்ளிகளில் மார்க்குக்கு அவ்வளவு மதிப்பில்லை. 2022 நவம்பர் முதல் நம் பிள்ளைகள் ஏ.பி.எஸ். என்ற ஒரு சான்றிதழும் வாங்கவேண்டியிருக்கிறது. மார்க்குப் பட்டியல் மெய்தான் என்று சொல்ல அது வேண்டும். உள்ளே நுழையவிடுவது 'மாப்பே' என்கிற ஒரு கட்டு. தான் வரைந்தது, செய்தது, செய்யப் பார்த்துத் தோற்றது எல்லாம் அதில் இருக்கவேண்டும். அதைப் பார்த்துப் பிடித்தால் பிறகு தகுதிப் பரீட்சை.

பையன் முதலில் கட்டியது பூராவும் விக்கிரகங்கள். நடராஜர், சோமாஸ்கந்தர், நின்ற கோலத்தில் ஒரு அம்மன். கை சுத்தமாக இருந்தது. ஆனால் அவன் முகத்தில் களை இல்லை.

"இதுல நான் எங்க மாமா இருக்கேன்?" என்றான். "தென்னை ஓலையை மடிச்சு அளவு எடுத்துத் தாலம் தப்பாம பிடிச்சிருக்கேன். தப்பாம இருந்தாத்தான் எங்க ஸ்தபதி சரிம்பாரு. அவுங்க, உன்னுது எதுன்னு கேக்குறாங்க."

ஆயிரம் வருஷமாக 'என்னுது' என்ற சொல்லை வாயில் எடுக்காமலே வேலை செய்த ஊர் இது. அங்கே அதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள். இரண்டில் எது உசத்தி என்று என்னைக் கேட்டால், எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் இரண்டையும் ஒரே பையன் தலையில் ஏற்றினால் அவனுக்குத் தூக்கம் போய்விடும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனான். மெழுகு உருவத்தின்மேல் காவேரி வண்டலை நைஸாக அரைத்துப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, கம்பி கட்டிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருகின உலோகம் போகும். ஆறினபின் அச்சை உடைத்துத்தான் சாமியை வெளியே எடுக்கவேண்டும். ஓர் அச்சு ஒரு தடவைக்குத்தான். உடைந்த சில்லுகளைக் கொல்லையில் கொட்டியிருந்தார்கள். அதில் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். உள்பக்கம் ஒரு முகத்தின் பள்ளம். மூக்கு குழிந்து, உதடு குழிந்து, தலைகீழாக ஒரு புன்சிரிப்பு.

"இதை யாரும் பார்க்கறதில்ல மாமா" என்றான்.

அன்றிலிருந்து அந்தச் சில்லுகளைத்தான் வரைந்தான். கரியில், காவியில், சில தாள்களில் அந்த மண்ணையே கரைத்து. ஸ்தபதி ஒரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாராம். திட்டவில்லை என்பதே பெரிய ஆசீர்வாதம் என்று பையன் எடுத்துக்கொண்டான்.

அவன் குறிவைத்திருப்பது ஹாலே என்ற ஊர். அங்கே ஒரு பழைய கோட்டையில் கலைப் பள்ளி இருக்கிறது. புர்க் கீபிஷன்ஸ்டைன் என்று பெயர். 1915 முதல் பால் தியர்ஷ் என்ற கட்டடக் கலைஞர் வளர்த்த கைத்தொழில் பள்ளி அது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சடித்த தமிழ் எழுத்துக்கள் அந்த ஹாலேயில் வார்த்தவை அல்லவா? 1713ல் கப்பலில் வந்து இறங்கின. எழுத்துக்கள் பெரிசு பெரிசாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பிறகு தரங்கம்பாடியிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். 1714ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குப் போனபோது மலையப்பன் என்ற தமிழ்ப் பிள்ளை பேச்சுத்துணையாகப் போனான். 1716ல் ஹாலேயில் லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் அச்சாயிற்று.

இதையெல்லாம் அக்காவிடம் வெகு உற்சாகமாகச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை திரும்பி வந்துச்சா?"

"வந்தான் அக்கா. ரெண்டு வருஷத்துல."

முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பையனை நான் சாட்சிக்கு இழுத்தது நியாயமில்லைதான். எனக்கும் பதினெட்டு வயசில் சென்னைக் கலைப் பள்ளியில் சேர ஆசை இருந்தது. அப்பா, "நடவுக்கு ஆள் யாரு?" என்றார். நான் வரைந்ததையெல்லாம் பரணில் போட்டேன்; கரையான் பார்த்துக்கொண்டது. அப்போது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் இதே அக்கா. ஆகவே நான் நடுநிலையான ஆள் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

மாசிக் கடைசியில் ஒரு ராத்திரி, கட்டைத் தயாராக வைத்துக்கொண்டு பையன் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். இடம் கிடைத்தபின் பணமில்லை என்று சொல்வதைவிட இப்போதே அனுப்பாமல் இருந்துவிடுகிறேன் என்று பிடிவாதம். அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"ஆத்தோரத்து அஞ்சு மாவை ஒத்திக்கு விடலாம். விக்கமாட்டேன். மீதிக்குச் சங்கிலி இருக்கு. நீ அனுப்பு."

பையன் வாயைத் திறக்கவில்லை. கட்டின் மேலிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி முடிச்சுப் போட்டான். முடிச்சு ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பேச்சை மாற்ற, நான் அந்த ஊர் ஆற்றைப் பற்றிச் சொன்னேன். கோட்டைக்குக் கீழே ஓடுகிறது, பெயர் சாலே. பக்கத்தில் ஒரு பாலம்; அதில் கெர்ஹார்ட் மார்க்ஸ் என்ற சிற்பி 1928ல் செய்த இரண்டு பெரிய உருவங்கள். ஒன்று குதிரை, ஒன்று பசு. அவர் இதே பள்ளியில் வாத்தியாராக இருந்தவர்; நாஜிகள் வந்ததும் 1933ல் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

"பசுவா?" என்றாள் அக்கா. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. கொல்லைக்கு அப்பால் அரசலாறு வெறும் மணலாக நிலவில் கிடந்தது. அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஆத்துல எப்பவும் தண்ணி இருக்குமா தம்பி, இல்ல, அங்கயும் யாராவது திறந்துவிடணுமா?"